ஆனையிறவு வெளியும் அகல்கோண வில்லையும்

பரந்தன் சந்தியைக் கடந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உமையாள்புரத்துக்கு அப்பால் நிலம் தன் மரஞ்செடிகளையெல்லாம் உதறிவிட்டு வெறுமையாய்க் கிடப்பதைக் காண்பர். இருமருங்கும் கடனீரேரி, நடுவே வீதியும் புகையிரதப் பாதையும், அவற்றின்மேல் எல்லை காணவொண்ணா வானம். வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பொருத்தும் இவ்வொடுங்கிய நிலமே ஆனையிறவு. வன்னிக் காட்டு யானைகள் ஆழமற்ற இந்நீரைக் கடந்து குடாநாட்டுக்குச் சென்றமையால் இப்பெயர் வந்ததென்பர். ஒல்லாந்தர் இங்குக் காவற்கோட்டை வைத்திருந்தனர். கடனீரேரி நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு உப்பெடுக்கும் தொழில் இவ்விடத்துக்கே உரியது. போரினால் 1990 இல் நின்ற அத்தொழில் போரின் பின் மெல்ல மீண்டது. 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலையும் மீளத் திறக்கப்பட்டது.

இவ்வெளியைக் கண்டு கமராவைக் கையிலெடுப்போர் பலர். படம் கைக்கு வந்ததும் முகம் வாடுவோரும் அவரே. கண்ணாற் கண்டபோது நெஞ்சை விரித்த வெளியானது, படத்தில் நடுவே ஒரு கோடாகவும், கோட்டுக்கு மேலே வெண்மையாகவும், கீழேயும் வெண்மையாகவும் கிடக்கும். “வில்லை போதாது, இன்னும் அகலமான வில்லை வேண்டும்” என்பதே அப்போது எல்லாரும் சொல்லும் காரணம். அக்காரணம் பாதி மெய், பாதி பொய். எப்பாதி மெய், எப்பாதி பொய் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியனுக்கு வில்லையோடு என்ன உறவு என வினவுவார்க்கு விடை கூறிவிடுகின்றேன். கனடா நாட்டில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், விழாவாண்டை முன்னிட்டு மாணவர் ஒளிப்படக் கழகத்துக்குப் பழைய பிலிம் கமரா ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். 1959 இல் யப்பானில் வெளிவந்த ‘கனன் பி’ என்னும் தூரங்காணிக் கமரா அது. 50 மி.மீ. வில்லை ஒன்று உடன் வந்தது. அகல்கோண வில்லை ஒன்று வாங்கிக்கொள்ளப் பணமும் வந்தது. பணம் ஒரு வில்லைக்கே போதும். தவறான வில்லையை வாங்கிவிட்டால் மறுமுறை கேட்க நாணமாயிருக்கும். கழகத்தின் பொறுப்பு என் தலையில் இருந்தமையால், தெரிவும் என் தலையில் விழுந்தது.

அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: “முகங்களை மட்டும் எடாதீர்கள், ஊரோடு சேர்த்து எடுங்கள்.” அந்நிபந்தனையின் பின்னாலுள்ள துயரத்தை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னிக் குடும்பங்கள் பல, வீட்டோடு படத்தொகுப்புக்களையும் இழந்தன. வெளிநாட்டு உறவினரிடம் இருந்தமையால் எஞ்சிய படங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஸ்ரூடியோவில் எடுத்தவை. மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் திரைச்சீலையில் பனிமலை இருக்கும். மாளிகைப் படிக்கட்டு இருக்கும். அவர் பிறந்து வளர்ந்த வளவின் ஒரு வேலிக்கதியாலும் இராது. மனிதர் இருக்கின்றார், அவர் நின்ற மண் இல்லை. மறுபுறம், ஆனையிறவு என்றதும் வெளியுலகம் நினைப்பது 1991, 2000, 2009 ஆம் ஆண்டுகளின் போர்ச் செய்திகளையும் அவற்றோடு வந்த படங்களையுமே. ஆங்கு மண் இருக்கின்றது, அதில் வாழ்ந்த மனிதர் இல்லை. இவ்விரண்டையும் ஒரு சட்டத்துள் கொணரும் கருவி எது என்பதே எமக்குமுன் நின்ற வினா.

இனிக் கமராவின் இயல்பைச் சிறிது கூறுவாம். இன்று கடைகளிற் காணும் பெரிய கமராக்கள் பலவற்றில் வில்லை காணும் காட்சியையே நாமும் காண்கின்றோம். தூரங்காணிக் கமராவில் அவ்வாறன்று. வில்லைக்கு மேலே, பக்கலில் தனியானதொரு பார்வைச் சாளரம் உண்டு. அதிலிருந்து சில சென்ரிமீற்றர் தள்ளி மற்றொரு சிறுசாளரம் உண்டு. ஒரே பொருளை இரு சாளரங்களும் சற்றே வேறுபட்ட கோணங்களிற் காண்பதால், சாளரத்தின் நடுவில் அப்பொருள் இரட்டையாய்த் தோன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்ப இரு விம்பங்களும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானபோது தூரம் சரியாயிற்று என்பது பொருள். நம் இரு கண்களும் சேர்ந்து அண்மை சேய்மை உணர்தல் போன்றதே இது. 1932 இல் வந்த லைக்கா இரண்டாம் வகையும், அதே ஆண்டில் வந்த கொன்டாக்ஸும் வில்லையோடு இணைந்த தூரங்காணியை உடையவை. கனன் பி அவ்வழி வந்ததே; லைக்காவின் பழைய 39 மி.மீ. திருகு வில்லைகள் இதற்கும் பொருந்தும்.

இதன் பயனாய் ஓர் இடர் உண்டு. வில்லை எதைக் காண்கின்றதென்பது நம் கண்ணுக்குத் தெரியாது. சாளரத்துள் ஒளிரும் சட்டக்கோடுகளே எல்லை காட்டும். வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்திற் காட்சி தெளிவாய்த் தெரியும்! கமரா வந்த முதற்கிழமையிலேயே, மாணவர்க்குச் செய்து காட்டுகின்றேன் என்று முன்வந்த ஆசிரியர் பன்னிரண்டு படங்களை மூடியோடு எடுத்தார். அவ்வாசிரியர் யாரென்பதை மாணவர் மறந்துவிடுவர் என்றே நம்புகின்றேன்.

வில்லையின் குவியத்தூரம் குறையக் குறைய அதன் பார்வைக்கோணம் அகலும். 35 மி.மீ. பிலிமில் விழும் படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 50 மி.மீ. வில்லை மூலைக்கு மூலை ஏறக்குறைய 47 பாகையைக் காணும், 35 மி.மீ. வில்லை 63 பாகையை, 28 மி.மீ. வில்லை 75 பாகையை, 21 மி.மீ. வில்லை 92 பாகையை. இவ்விடத்தில் மொழிபற்றியும் ஒரு சொல் கூறாமலிருக்க என் தொழில் இடந்தரவில்லை. இவ்வகை வில்லைகளைச் சிலர் ‘விரிகோண வில்லை’ என எழுதுகின்றனர். கேத்திரகணிதத்தில் விரிகோணம் என்பது 90 பாகைக்கு மேற்பட்டது. அக்கணக்கில் மேற்சொன்னவற்றுள் 21 மி.மீ. ஒன்றே அப்பெயருக்கு உரியது. ஏனையவை கூர்ங்கோணத்துள் அடங்கும். ஆதலின் ‘அகல்கோண வில்லை’ என்றே யான் வழங்குகின்றேன்.

மாணவர் அனைவரும் ஒருமுகமாய் 21 மி.மீ. வில்லையையே வேண்டினர். “முழு ஆனையிறவும் ஒரு படத்தில் வரும், சேர்” என்பது அவர் வாதம். பணத்தைச் செலவிடுமுன் சோதித்துப் பார்ப்போம் என்று, செலவில்லாத கருவி ஒன்றைச் செய்தோம். பழைய அப்பியாசக் கொப்பியின் தடித்த அட்டையில் 90 மி.மீ. அகலமும் 60 மி.மீ. உயரமும் உள்ள சாளரம் வெட்டினோம். இது பிலிமின் படவளவைப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே, இதைக் கண்ணிலிருந்து குவியத்தூரத்தின் இரண்டரை மடங்கு தூரத்தில் ஒரு கண்ணை மூடிப் பிடித்தால், அவ்வில்லை காணும் பரப்பு அப்படியே தெரியும். 50 மி.மீ.க்கு 125 மி.மீ.; 35க்கு 87 அல்லது 88; 28க்கு 70; 21க்கு ஏறக்குறைய 52. அட்டையில் நூலொன்று கட்டி, அந்த அளவுகளில் முடிச்சிட்டு, முடிச்சைக் கன்ன எலும்பில் வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் தூரம் பிழையாது. வில்லை வாங்க எண்ணும் எவரும் முதலில் வாங்கவேண்டியது இந்நூலும் அட்டையுமே.

உரியோரிடம் அனுமதி பெற்று, உப்பு வாரும் காலத்தில் ஒருநாட் காலை உப்பளத்துக்குச் சென்றோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் 21 மி.மீ. முடிச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வரம்பில் நின்றவாறே வெளியை அளந்தான். நாற்பது மீற்றர் தள்ளிப் பாத்தியில் நின்ற அம்மா ஒருவர் எங்களைக் கண்டு சிரித்தார்.

“என்ன தம்பியவை, அட்டைக்குள்ளால என்ன தெரியுது?”

“ஆனையிறவு முழுக்கத் தெரியுது, அம்மா!”

“அப்ப நாங்கள் தெரியிறமோ?”

மாணவன் மறுமொழி சொல்லவில்லை. அட்டையைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்த்தான். மறுபடியும் அட்டையால் பார்த்தான். நாற்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆளின் உயரம் 21 மி.மீ. வில்லையால் பிலிமில் விழும்போது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. “வரம்பால நடந்து கிட்ட வாங்கோவன்” என்றார் அம்மா. நான் வகுப்பில் ஒரு மாதம் விளக்கியும் விளங்காதது அவ்வொரு வார்த்தையால் விளங்கிற்று.

இதனைக் கணக்காற் காட்டுவாம். தாம்போதியின் ஓரத்தில் நின்று, 200 மீற்றருக்கு அப்பாற் செல்லும் யாழ்தேவியைப் படமெடுப்பதாகக் கொள்க. பெட்டியின் உயரம் நான்கு மீற்றர் எனின், 50 மி.மீ. வில்லையில் அது பிலிமில் ஒரு மில்லிமீற்றர் உயரம் பெறும். பத்து மடங்கு பெருப்பித்து அச்சிட்டால் ஒரு சென்ரிமீற்றர். 21 மி.மீ. வில்லையிலோ அச்சிட்ட பின்னும் நான்கு மில்லிமீற்றரே. எஞ்சிய இருபத்துமூன்றரைச் சென்ரிமீற்றரும் வானமும் மண்ணுமாகும். காடு, மலை, கோபுரம் உள்ள ஊரில் அகலம் கூடக் கூடப் படத்துள் பொருள்கள் சேரும். ஆனையிறவில் அகலம் கூடக் கூட வெறுமையே சேரும். நின்ற இடத்திலிருந்தே அகல்கோண வில்லையை மாட்டுதல், குழம்பிற் காரம் போதாதென்று தண்ணீர் ஊற்றுவது போலாம்.

ஆயின் நடந்து கிட்டச் சென்றால் நிலைமை தலைகீழாகும். அந்த அம்மாவை, படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமாறு எடுக்க விரும்புகின்றோம் எனக் கொள்க. 50 மி.மீ. வில்லையோடு ஐந்து மீற்றருக்குச் சற்று அப்பால் நிற்கவேண்டும், 35 மி.மீ. வில்லையோடு மூன்றரை மீற்றரளவில், 28 மி.மீ. வில்லையோடு மூன்று மீற்றருக்குச் சற்று உள்ளே, 21 மி.மீ. வில்லையோடு இரண்டு மீற்றரளவில். நான்கு படங்களிலும் அம்மாவின் உருவம் ஒரே அளவினது. அவருக்கு முப்பது மீற்றர் பின்னாலுள்ள உப்புக் குவியல்களின் வரிசையைப் பார்ப்போமாயின், முதற்படத்தில் அதில் 25 மீற்றர் அகலம் தெரியும், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 42, நான்காவதில் 55. அகல்கோண வில்லையின் உண்மையான பயன் இதுவே: அது தூரத்தைச் சுருக்கித் தருவதன்று, அருகில் உள்ளவரை அவருடைய ஊரோடு சேர்த்துத் தருவது. எத்தனை அகலமான வில்லை வேண்டும் என்னும் வினாவுக்கு, எத்தனை அருகே செல்லத் துணிவும் உரிமையும் உனக்கு உண்டு என்பதே எதிர்வினா. இரண்டு மீற்றருக்குள் சென்று ஒருவரைப் படமெடுக்கப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் வேண்டும். உப்பளத்தின் வெயிலில் முதுகு குனிந்து வேலை செய்வோரிடம் அப்பழக்கம் ஒருநாளில் வந்துவிடாது.

அருகே செல் என்னும் அறிவுரையை இவ்வுலகிற் புகழ்பெறச் செய்தவர் போர்ப் படப்பிடிப்பாளர் றொபேட் காப்பா. அவர் 1954 மே 25 இல் வியற்நாமில், படமெடுப்பதற்காக முன்னேறிச் சென்றபோது மிதிவெடியில் மிதித்து உயிர் துறந்தார். அன்று அவரிடமிருந்த கொன்டாக்ஸ், நிக்கன் ஆகிய இரண்டும் தூரங்காணிக் கமராக்களே. நம் மாணவர்க்கு இச்செய்தியை நான் கதையாகச் சொல்வதில்லை. ஆனையிறவுக்கு வடக்கேயுள்ள முகமாலை, நாட்டில் மிதிவெடிகள் மிகச் செறிந்து புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் வடபகுதியில் வெடிகளை அகற்றி வந்துள்ளன. வீதியும், மக்கள் நாளும் நடக்கும் வரம்பும் பாதையுமே எங்கள் எல்லை. மண்டையோட்டுக் குறியிட்ட பலகையோ, ஆள் நடமாட்டமற்ற பற்றையோ கண்டால், எத்துணை அழகிய காட்சியாயினும் திரும்பிவிடுதல் வேண்டும். இது கழகத்தின் முதல் விதி. குவியமும் ஒளியளவும் அதற்குப் பின்னரே.

தூரங்காணிக் கமராவுக்கும் அகல்கோண வில்லைக்கும் இயல்பான நட்பு ஒன்றுண்டு. ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமராவில் வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே கண்ணாடியொன்று மேலும் கீழும் அசைவதற்கு இடம்விட வேண்டும். குவியத்தூரம் குறைந்த வில்லை பிலிமை நெருங்கி இருக்கவேண்டியது. கண்ணாடியோ அதைத் தள்ளி நிறுத்தும். ஆதலின் அவ்வகைக் கமராவுக்கு, பின்குவியத்தை நீட்டிக்கும் சிக்கலான, பருத்த வில்லைகளை ஆக்கவேண்டியதாயிற்று. 1950 இல் பிரான்சில் ஆஞ்செனியே நிறுவனம் செய்த வில்லை இவ்வகையில் முன்னோடி. தூரங்காணிக் கமராவில் கண்ணாடி இல்லை. வில்லையின் பின்புறம் பிலிமைத் தொடுமளவு உள்ளே புகலாம். எனவே துவாரத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒத்த அமைப்புடைய சிறிய வில்லையே போதும். அவ்வமைப்பில் நேர்கோடு வளையாது. லுட்விக் பேர்ற்றலே என்பார் ஸைஸ் நிறுவனத்துக்காக ஆக்கிய பயோகன் வில்லைகள் இதற்குச் சான்று. ஆனையிறவில் நேர்கோடு வளையாமை சிறிய காரியமன்று. அடிவானமே அங்குள்ள ஒரே கோடு. அது வில்லாய் வளைந்தால் மறைக்க வேறொன்றும் இல்லை.

குறையும் உண்டு. ஒத்த அமைப்புடைய வில்லையில் மூலைகளுக்குச் செல்லும் ஒளி, கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். எம் கணித ஆசிரியர் கணித்துக் கொடுத்தபடி, நடுவில் விழும் ஒளி நூறாயின், மூலையில் 50 மி.மீ. வில்லைக்கு 71; 28க்கு 39; 21க்கு 24. இது ஏட்டுக் கணக்கு. திறமையான வில்லைகள் இதனிற் சற்று மேம்பட்டவை. காட்டில் எடுத்த படமாயின் மூலை இருண்டதை எவரும் கவனியார். ஆனையிறவிலோ மூலையில் இருப்பது வெள்ளை வானம். இருள் புகைபோலத் தெரியும். இருட்டறையில் அச்சிடும்போது மூலைகளைக் கையால் மறைத்து ஓரளவு சீர்செய்யலாம்.

மற்றொரு குறை முகத்தைப் பற்றியது. ஓரத்தில் விழும் உருண்டைப் பொருள் வெளிப்புறமாய் இழுபட்டு முட்டைவடிவாகும். 21 மி.மீ. வில்லையில், இட வல ஓரத்தில் நிற்பவரின் தலை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அகன்றுவிடும். 28 இல் ஐந்திலொரு பங்கு. 35 இல் எட்டிலொரு பங்கு. 50 இல் எவரும் அறியார். பழைய மாணவர் சங்கக் குழுப்படத்தை அகல்கோண வில்லையால் எடுத்தல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். மைதானத்தில் இடம் இருக்கின்றது; பின்னே சென்று 50 மி.மீ. வில்லையால் எடுக்கலாம். தலைவரும் அதிபரும் எப்போதும் நடுவில் அமர்வதால் அவர்களுக்கு ஆபத்தில்லை. கரையில் நிற்கும் இளம் ஆசிரியரே பூசணிக்காயாவார். பறவை பார்ப்போருக்கும் ஒரு சொல்: கடனீரேரிக்கு வரும் பூநாரைகளை இவ்வில்லைகளால் எடுக்க முயலுதல் வீண். அது தொலைவில்லையின் வேலை.

இனித் தெரிவு. 35 மி.மீ. வில்லையே முதலில் வாங்கவேண்டியது என்பது நெடுங்காலத்து அறிவுரை. கமராவோடு வேறு வில்லை இல்லாதவர்க்கு அது முற்றும் சரி. கனன் பி யின் சாளரத்தில் 35, 50, 100 ஆகிய மூன்றுக்கும் கோடுகள் உள. வேறு துணை வேண்டாம். (1954 இல் வந்த லைக்கா எம் 3 இல் 35க்குக் கோடு இல்லை, அதன்பின் வந்த எம் 2 இல் உண்டு, 28க்குரியது 1984 இல் வந்த எம் 6 இல் உண்டு. பழைய கமரா வாங்குவோர் இதைப் பார்த்தே வாங்குக.) ஆனால் கனன் பி இன் 35க்குரிய கோடு சாளரத்தின் விளிம்பிலேயே இருப்பதால், என்னைப்போல் மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு நான்கு பக்கமும் ஒருங்கே தெரியாது. மேலும் எம்மிடம் 50 இருக்கின்றது. 50 காணும் அகலத்தில் 35 காண்பது ஒன்றரை மடங்குக்கும் குறைவு. 28 காண்பது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று மேல். 21 காண்பது இரண்டே கால் மடங்குக்கும் மேல். அட்டையோடு மும்முறை சென்று வந்தபின் மாணவரே 28 என்றனர். மூன்று மீற்றர் என்பது, உரத்துப் பேசாமல் ஒருவரோடு உரையாடக்கூடிய தூரம் என்று ஒரு மாணவி காரணம் சொன்னாள். கோசைனைவிட அக்காரணமே எனக்குப் பிடித்தது.

28க்குக் கமராவின் சாளரத்தில் கோடு இல்லை. மேலே செருகும் புறச்சாளரம் ஒன்று தனியே வேண்டும். தூரத்தை ஒரு சாளரத்திலும் எல்லையை மற்றொன்றிலும் பார்ப்பது தொல்லைபோலத் தோன்றும். உண்மையில் தூரம் பார்க்கவே வேண்டியதில்லை. துவாரத்தை எஃப் 8 இல் வைத்து, வளையத்தை மூன்றேகால் மீற்றரில் நிறுத்திவிட்டால், ஒன்றரை மீற்றருக்குச் சற்று அப்பாலிருந்து முடிவிலி வரை யாவும் தெளிவாய் விழும். 50 மி.மீ. வில்லையில் இதே துவாரத்தில் ஐந்து மீற்றருக்கு இப்பால் எதுவும் அவ்வாறு தெளிவுறாது. ஆனையிறவில் ஒளிக்குப் பஞ்சமில்லை. 125 உணர்திறனுள்ள கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு நண்பகல் வெயிலில் எஃப் 8, ஐந்நூறில் ஒரு செக்கன் என்பது அடிப்படை அளவு. ஆதலின் எஃப் 1.4, எஃப் 2 என்னும் பெருந்துவார வில்லைகளுக்குப் பெரும்பணம் கொடுத்தல் இவ்விடத்துக்கு வேண்டாத செலவு, எஃப் 3.5 போதும். ஒளிமானியை உப்பின்மேற் காட்டினால் அது உப்பைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், முகம் கரிந்துவிடும். உள்ளங்கையை வெயிலிற் பிடித்து அதன்மேல் அளந்து கொள்க. உப்பளத்தில் ஒரு நன்மையும் உண்டு: வெண்மையான தரை ஒளியை மேல்நோக்கி எறிவதால், தொப்பியின் கீழுள்ள முகமும் இருள்வதில்லை.

திருகு வில்லைகளுள் கனன், வொய்க்லாண்டர் என்னும் பெயர்களில் 28 மி.மீ. வில்லைகள் உள. மலிவாய்க் கிடைப்பது சோவியத் நாட்டு ஜுப்பிற்றர் 12. அது 35 மி.மீ., பயோகன் வழிவந்தது, நல்ல வில்லை. ஆயின் அதன் பின்கண்ணாடி உள்ளே நெடுந்தூரம் புகுவதால் சில கமராக்களின் உட்சுவரில் முட்டும். மாட்டிப் பார்த்தே வாங்குக. யசிக்கா எலெக்ட்ரோ 35 வைத்திருப்போர் பலர் நம்மூரிலும் உண்டு. அதன் 45 மி.மீ. வில்லை கழற்ற இயலாதது, ஆதலின் அவர்க்கு இவ்வாராய்ச்சி வேண்டாம். பழைய வில்லை எதுவாயினும் துவாரத்தை முழுதும் திறந்து, ஒருபுறம் மின்சூள் ஒளி பாய்ச்சி மறுபுறமிருந்து பார்த்தல் வேண்டும். சிலந்திவலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சணம்; வெண்புகைபோல் தெரிந்தால் படலம். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் படத்தைக் கெடாது, படலம் கெடுக்கும்.

சோளகம் வீசும் மாதங்களில் உப்புத் தூள் காற்றோடு வரும். வில்லைக்கு முன்னால் நிறமற்ற வடிகண்ணாடி ஒன்று மாட்டிவிடுக. அதில் தூள் படிந்தால் உடனே துணியால் தேய்த்தல் கூடாது. உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். ஊதித் தட்டி, தூரிகையால் வருடி, அதன்பின்னரே துடைக்க. வீடு சேர்ந்ததும் சிலிக்கா ஜெல் இட்ட பிஸ்கற் தகரத்துள் வைக்க. லைக்கா, சோர்க்கி முதலிய துணித்திரைக் கமரா வைத்திருப்போர்க்கு இன்னோர் எச்சரிக்கை: கண்ணாடி இல்லாமையால், வில்லை சூரியனை நோக்கிக் கிடந்தால் வெயில் திரையிற் குவிந்து துளையிட்டுவிடும். நிழலற்ற ஆனையிறவில் இது சில நொடிகளில் நேரக்கூடியது. எமது கனனின் திரை உலோகத்தாலானது. எனினும் மூடியை மாட்டியே வைக்கின்றோம். கழற்ற மறப்பவர் ஒருவரே என்பதால் மாணவர் அவர்மீது கண்வைத்துள்ளனர்.

அடிவானம் சரிதலும் கவனிக்கற்பாலது. இரண்டு பாகை சரிந்தால், பத்துமடங்கு பெருப்பித்த அச்சில் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேற்றுமை வரும். கடனீரேரி வழிந்தோடுவதுபோலத் தோன்றும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் மின்கம்பங்கள் ஒன்றையொன்று நோக்கியும், கீழ்நோக்கிச் சாய்த்தால் ஒன்றைவிட்டொன்று விலகியும் சாயும். எனவே வானம் மிகுமாயினும் கமராவைச் சாய்க்காமல் பிடித்தல் நன்று.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு 28 மி.மீ., எஃப் 3.5 வில்லையும் புறச்சாளரமும் வாங்கினோம். மாணவர்தம் கைப்பேசிகளின் முதன்மை வில்லைகள் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையுள்ள கோணத்தையே காண்பவை என்பதை அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன். ஆண்டுக்கணக்காய் அகல்கோணத்திலேயே படமெடுத்து வந்திருக்கின்றோம் என்று வியந்தனர்.

முதற் படச்சுருளில் 36 படங்கள். அவற்றுள் அச்சிடத் தகுந்தவை பதினொன்று. தாம்போதியில் நின்று வெளியை எடுத்த ஏழும், மாணவர் தாமே ஒதுக்கிவிட்டனர். பதினொன்றில் ஒன்று, பாத்தியில் நின்று எங்களை வினவிய அந்த அம்மாவினது. மூன்று மீற்றருக்குச் சற்று உள்ளே நின்று எடுத்தது. அவருக்குப் பின்னே உப்புக் குவியல்கள் வரிசையாய், அவற்றுக்கும் பின்னே கடனீரேரி, இடக்கரையில் புகையிரதப் பாதையின் மேடு. அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கையை உதறித் துடைத்துவிட்டு வாங்கினார். “இது எங்கட மூண்டாம் பாத்தி. அங்கால நிக்கிறது என்ர தங்கச்சி” என்று, நாங்கள் கவனியாத ஓர் உருவத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தங்கைக்கும் ஒன்று, வெளிநாட்டிலுள்ள மகனுக்கும் ஒன்று என மேலும் இரண்டு பிரதிகள் கேட்டிருக்கின்றார். அடுத்த சனிக்கிழமை இருட்டறையில் அவற்றை அச்சிடுகின்றோம்.